கடலோரக் கிணறும் குமரப்பாவின் கணக்கும்

காவிரியின் கடைமடையில் பயிர் செய்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான். மேற்கே ஆற்றுத் தண்ணீர்; அது வந்தால் உண்டு. கிழக்கே கடல் தண்ணீர். அது கேளாமலே வரும். காரைக்கால் வட்டாரத்தில் கருக்களாச்சேரி முதலான கடலோர ஊர்களில் இவ்விரண்டுக்கும் நடுவே, மணலுக்கு அடியில், மூன்றாவதாக ஒரு தண்ணீர் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கித் தேங்கி நிற்கும் நன்னீர் அது. குடிப்பதற்கும், கொல்லைப் பயிருக்கும், ஆடுமாடுகளுக்கும் இவ்வூர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தது இந்தத் தண்ணீரைத்தான். இதில் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதைப் பற்றி உழவர் பெருமக்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் மண்ணுக்கு அடியில் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கடல் தண்ணீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆகவே கடலோர மணலின் அடியில் உப்புநீர் கீழேயும் நன்னீர் அதன் மேலேயும் நிற்கின்றன. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஓடமும் மிதக்கிறது, அதன் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கிறது, சிறுபகுதிதான் வெளியே தெரிகிறது. நன்னீரும் அப்படியே. கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே 3 அடி என்றால் கீழே 120 அடி. இதை ஹாலந்து நாட்டுப் பொறியாளர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே தனித்தனியாகக் கண்டு சொன்னார்கள்.

கேட்பதற்கு மகிழ்ச்சியான கணக்குதான். ஆனால் இதைத் திருப்பிப் படித்தால் வயிற்றைக் கலக்கும். மேலே நீர்மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி ஏறிவர இடம் உண்டாகிறது. உள்நாட்டில், திருச்சிப் பக்கத்திலோ கோவைப் பக்கத்திலோ, கிணறு வற்றினால் கிணறு காலியாகும். அடுத்த மழையில் ஊறும். கடலோரத்தில் கிணறு காலியாவதில்லை. தண்ணீர் நின்றுகொண்டேயிருக்கும், உப்பாக நிற்கும். அந்த உப்பை மறுபடியும் கீழே தள்ளுவதற்கு ஒரு மழைக்காலம் போதாது; பல ஆண்டுகள் பிடிக்கலாம்.

இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஜே. சி. குமரப்பா. 1892-ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தி, அமெரிக்கா சென்று பொருளாதாரமும் படித்துத் திரும்பியவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கோட்டும் சூட்டும் போயின, கதர் வந்தது. 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். பிற்காலத்தில் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் தங்கி, 1960-இல் மறைந்தார். சிறையில் இருந்தபோது அவர் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற பொருள்படும் ஆங்கில நூல், மனிதன் இயற்கையோடு ஒத்து நன்றாக வாழ்வது எப்படி என்பதைப் பேசுகிறது. ‘சிறியதே அழகு’ என்று 1973-இல் எழுதிப் புகழ்பெற்ற ஷூமாக்கர், குமரப்பாவை மதிப்போடு எடுத்துக்காட்டுகிறார். நம் மண்ணில் பிறந்தவரை நம்மைவிட வெளியார் அதிகம் படித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

குமரப்பா சாமியாரைப்போல எழுதவில்லை, தணிக்கையாளரைப்போலவே எழுதினார். இயற்கை தரும் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை தொட்டியில் கிடக்கும் சரக்கு. எடுக்க எடுக்கக் குறையும், மறுபடி நிரம்பாது. ஆற்று நீர், காட்டு மரம் போன்றவை ஓட்டத்தில் வருபவை; வருகிற அளவுக்குள் எடுத்தால் என்றைக்கும் வரும். தொட்டியை நம்பி எழுப்பிய வாழ்வு தொட்டியோடு முடியும், ஓட்டத்தை நம்பிய வாழ்வு நிலைக்கும் என்பது அவர் வாதம். தொட்டிச் சரக்குக்காகத்தான் நாடுகள் சண்டையிடுகின்றன என்றும் அவர் கருதினார்.

இனி நம் கொல்லைக்கு வருவோம். மணலடி நன்னீர் எந்த வகை? ஆண்டுதோறும் பெய்கிற மழை அளவுக்குள் எடுத்தால் அது ஓட்டம். அதற்கு மேல் எடுத்தால் அதே தண்ணீர் தொட்டிச் சரக்காகிவிடுகிறது. காவிரிப் படுகையில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் போடும் கிணறுகளைப் பற்றி நம் விவசாயிகள் கவலையோடு பேசுகிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் கடலோரத்தில் 200 அடிக்கும் 300 அடிக்கும் இறக்கும் தண்ணீர்க் கிணறும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான் என்பதை நாம் பேசுவதில்லை.

அதே நூலில் குமரப்பா உயிர்கள் பிழைக்கும் வழிகளை ஐந்தாக வகுத்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி. தான் வைக்காத மாமரத்தில் பழம் பறிக்கும் குரங்கு. தேன் எடுக்கும்போதே பூவுக்கும் உதவும் தேனீ. கூட்டமாகச் சேர்ந்து கூட்டுக்காக உழைக்கும் தேனீக் குடும்பம். கைம்மாறு பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. நம்மில் யாரையும் புலி என்றோ குரங்கு என்றோ வைய நான் வரவில்லை. ஒரே மனிதன் காலையில் தேனீயாகவும் மாலையில் குரங்காகவும் இருக்கக்கூடும். பனங்கொட்டை ஊன்றுகிற கிழவர் தாய்ப்பறவை. அவருடைய மகன் அதே கொல்லையில் பத்துக் குதிரைத்திறன் மோட்டார் போட்டால் குரங்கு. குரங்கிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதற்கு மரம் வைக்கத் தெரியாது, அவ்வளவே.

நம் கடலோரப் பெரியவர்களுக்குக் குமரப்பாவைத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன கணக்கு தெரியும். மணலில் ஆளுயரத்துக்குப் பள்ளம் தோண்டி ஊற்றெடுப்பார்கள். குடத்தால் மொண்டு செடிக்கு ஊற்றுவார்கள். குடத்தால் மொள்ளும்போது ஊற்று எவ்வளவு சுரக்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். உப்புக் கரித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் மொள்வார்கள். அளவுக்கு மேல் எடுக்க முடியாதபடி கருவியே தடுத்தது. மணல்மேட்டைத் தொடமாட்டார்கள். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்துக் கட்டும். அதற்குப் பின்னால் தாழை. அதற்கும் பின்னால் புன்னையும் பனையும். மணல்மேடு கடலைத் தடுக்கும் சுவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அது மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கிணற்றுக்கு விடும் ஏரி என்பது பலருக்குத் தெரியாது. மேட்டை வெட்டி மணலை லாரியில் ஏற்றுகிறவர் நாளைய குடிநீரையும் சேர்த்தே ஏற்றுகிறார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் ஏறியபின் கரையோரங்களில் சவுக்கு பெருமளவில் நடப்பட்டது. சவுக்கு காற்றைத் தடுக்கும், விறகும் தரும், மறுக்கவில்லை. மேட்டைச் சமப்படுத்தி அதன்மேல் சவுக்கு நடுவதை மட்டும் என்னால் ஏற்க இயலாது. மேடு மேடாக இருக்கட்டும். அதன்மேல் அதற்குரிய கொடியே படரட்டும்.

இது நமக்கு மட்டுமே தோன்றிய எண்ணமும் அன்று. ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் இபிபியோ என்ற மக்கள் இருக்கிறார்கள். எண்ணெய்ப்பனையும் கிழங்கும் பயிரிட்டு, கழிமுகத்தில் மீன் பிடித்து வாழ்கிறவர்கள். நிலத்தைத் தெய்வமாக மதிப்பதும், நிலத்தோடு இணங்கி வாழ்வதே நல்வாழ்வு என்பதும் அவர்களுடைய பழைய கொள்கை. அவர்கள் கரைக்கும் எண்ணெய்க் கிணறு வந்திருக்கிறது. தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாடு, தன் மலைவாழ் மக்களின் ‘நல்வாழ்வு’க் கொள்கையை 2008-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி, இயற்கைக்கும் உரிமை உண்டு என்று அறிவித்தது. சட்டத்தில் எழுதிய பின்னும் அங்கே எண்ணெய்த் தகராறு ஓயவில்லை.

நம் கரையிலும் அப்படி ஒரு தகராறு நடந்ததுண்டு. 1990-களில் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த நிலத்தில் கடல்நீரைக் கட்டினால் அது வரப்போடு நிற்குமா? பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் கசிந்தது. கீழவெண்மணிப் பகுதியில் நிலமற்ற உழவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் பணியில் இருந்த சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும் இதை எதிர்த்து நின்றார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைநிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது என்பது அதன் உத்தரவுகளுள் ஒன்று. 2005-இல் வந்த மத்தியச் சட்டம், பதிவு பெற்ற பண்ணைகளுக்கு மறுபடியும் வழி திறந்தது. இத்தம்பதியருக்கு 2008-இல் சுவீடன் நாட்டு விருது ஒன்று கிடைத்தது. நேர்மையான வாழ்வுமுறை என்று பொருள்படும் பெயர் கொண்ட விருது அது. குமரப்பாவின் சொல்லில் சொன்னால், நெல் வயலை உப்புக் குளமாக்குவது புலியின் பிழைப்பு. தாயைத் தின்றபின் அங்கே மறுபடி எதுவும் பிறக்காது. குத்தகைப் பணம் மூன்றாண்டில் செலவாகிவிடும். நிலம் தேறுவதற்கு அதைவிட நெடுங்காலம் ஆகும். குத்தகைக்குக் கேட்டு வருகிறவரிடம் இதை மனத்தில் வைத்துப் பேசவேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்றுக்கு வருகிறேன். இதைப் பேசப் போகிற இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “ஏன் சார், பக்கத்துக் கொல்லைக்காரர் போர் போட்டுவிட்டாரே. நான் போடாமல் இருந்தால் என் தண்ணியையும் சேர்த்து அவர்தானே இழுத்துக்கொள்வார்? உங்கள் பேச்சைக் கேட்டு நான் நல்லவனாக இருந்தால் என் பிள்ளைகள் எதைச் சாப்பிடும்?” கேள்வி நியாயமானது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. ஒதுக்கியது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் குறைக்கவில்லை. தாளில் இருக்கும் தண்ணீர் கடைமடைக்கு உரிய நாளில் வந்தால் பாதிப் பேர் ஆழ்குழாய் போட்டிருக்கமாட்டார்கள். ஆகவே தனி விவசாயியைக் குற்றம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஒருவர் மட்டும் அடக்கமாக இருப்பதால் கிணறு பிழைக்காது என்பதும் உண்மைதான். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தப் புதுச்சேரியில் 2002-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. புதுக் கிணற்றுக்கு அனுமதி பெறவேண்டும். சட்டம் அலுவலகத்தில் இருக்கும், மோட்டார் கொல்லையில் இருக்கும். இடையில் ஊர்க் கட்டுப்பாடு என்று ஒன்று வேண்டும்.

ஊர்க் கட்டுப்பாட்டுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிழக்கே நூறு தப்படி நடந்தால் போதும். மீனவர் ஊர்களில் பஞ்சாயத்து வைத்து, எந்த வலை போடலாம், எதைப் போடக் கூடாது என்று அவர்களே முடிவு செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சண்டையும் நடக்கிறது, ஆனாலும் பேச ஓர் இடம் இருக்கிறது. அதற்கு மேல், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கி 2017-இல் 61 ஆக்கப்பட்ட தடை இது. மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்பதற்காக. அந்த நாட்களுக்கு அரசு மீனவர் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை தருகிறது. நான் கேட்பது இதுதான்: கடலுக்கு 61 நாள் ஓய்வு கொடுக்க முடிகிற அரசும் ஊரும், கடலோரக் கிணற்றுக்கு அந்த ஓய்வை ஏன் கொடுக்கக் கூடாது? சித்திரை, வைகாசியில்தான் மணலடி நீர்மட்டம் மிகத் தாழ்ந்து கிடக்கிறது. உப்பு ஏறுவதும் அப்போதுதான். அந்த இரண்டு மாதம் குடிநீர் தவிரப் பாசனத்துக்கு ஆழ்குழாயை நிறுத்தும் கடலோரச் சிறு விவசாயிக்கு, மீனவருக்குத் தருவதுபோல ஒரு தொகையை அரசு தரவேண்டும் என்பது என் கருத்து. வேளாண் துறையில் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். மீன்பிடித் தடையைப் பற்றி முதலில் சொன்னபோதும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

தொகை வரும்வரை என்ன செய்வது? சம்பா அறுவடைக்குப் பின் ஆழ்குழாயை நம்பிக் கோடை நெல் நடுவதை முதலில் விடவேண்டும். ஒரு நெற்பயிருக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு 48 இலட்சம் லிட்டர். காரைக்காலில் ஓர் ஆண்டு முழுதும் பெய்யும் மழையே ஏறத்தாழ 1,300 முதல் 1,400 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி வாய்க்காலில் ஓடிக் கடலுக்குப் போகிறது. வரவு என்ன, செலவு என்ன என்று பாருங்கள். குமரப்பாவாக இருந்தால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார். நெல்லுக்குப் பதில், அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, தாள் நிற்கும்போதே, மண் மெழுகு பதத்தில் இருக்கையில் ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ உளுந்து விதையைத் தெளித்துவிடலாம். ஆடுதுறை 3 உளுந்து இதற்கென்றே உள்ள இரகம். பனியும் மண்ணின் மிச்ச ஈரமுமே அதற்குப் போதும்; மோட்டார் வேண்டாம். ஒன்று கவனிக்க வேண்டும்: உளுந்து உப்புக்குக் கூசும் பயிர். உவர் தட்டிய வயலில் தெளித்து விதையை வீணாக்க வேண்டாம். அங்கே கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நல்லது. விதை ஏக்கருக்கு 20 கிலோ. கடல் ஏறிய வயல்களை 2005-க்குப் பின் மீட்டெடுத்தபோது நாகைக் கடற்கரையில் கோ. நம்மாழ்வார் போன்றோர் பசுந்தாளைத்தான் பெரிதும் வலியுறுத்தினார்கள். அப்போது வடிகால் நன்றாக இருந்த வயல்கள் மழையில் கழுவப்பட்டு விரைவிலேயே தேறின. வடிகால் அடைபட்ட வயல்கள் பின்தங்கின.

உவரையும் களரையும் ஒன்றாக எண்ணிச் செலவு செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளையாக உப்புப் பூத்து நிற்பது உவர். அதற்கு நன்னீரைக் கட்டி வடிப்பதும் பசுந்தாளும்தான் மருந்து, ஜிப்சம் தேவையில்லை. மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் கலங்கி நின்று, கார அமில நிலை 8.5-க்கு மேல் இருப்பது களர், அதற்குத்தான் ஜிப்சம். மண் ஆய்வு செய்யாமல் ஜிப்சம் மூட்டைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மண்ணின் மின்கடத்தும் திறன் 4 மில்லிமோசுக்கு மேல் போனால் உவர் நிலம் என்பது கணக்கு. நெல்லுக்கு 3-ஐத் தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். அத்தகைய வயலுக்கு கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகிய இரகங்கள் உண்டு. குழியடிச்சான், களர்பாலை ஆகிய பழைய நெல்வகைகளும் உப்பைத் தாங்கும். விளைச்சல் குறைவு என்று எங்கள் துறை ஒரு காலத்தில் இவற்றை ஒதுக்கி வைத்தது. நல்ல நிலத்துக்கு அந்தத் தீர்ப்பு சரி, கடலோரத்துக்குச் சரியில்லை.

நீர் வரவைப் பெருக்க வழி குட்டைதான். 100 அடி நீளம், 50 அடி அகலம், 6 அடி ஆழத்தில் ஒரு குட்டை 8 இலட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும். வெயிலில் ஒரு பங்கு போனாலும், கசிகிற பங்கு வீணில்லை. அது கிணற்று உப்பைக் கீழே அழுத்தப் போகிறது. தனியாக 5,000 சதுர அடியை விட்டுக்கொடுக்க ஒரு மா, இரண்டு மா வைத்திருப்பவரால் இயலாது. நான்கு கொல்லைக்காரர்கள் சேர்ந்து எல்லையில் வெட்டிக்கொள்ளலாம். ஊர்ப் பொதுக் குளம் தூர்ந்து கிடந்தால் முதலில் அதைத் தூர்வாரலாம். வெட்டும்போது ஓர் எச்சரிக்கை. கடலுக்கு அருகில் 6 அடிக்கு மேல் ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால், அடியில் இருக்கும் உப்பை நாமே திறந்துவிட்டதாகும்.

கிணற்றுத் தண்ணீரை ஆண்டுக்கு இரண்டு முறை சோதித்துக் குறித்து வையுங்கள்: தை மாதம் ஒரு தடவை, வைகாசி கடைசியில் ஒரு தடவை. மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டபின், கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, கிணற்றின் ஆழத்தையும் தேதியையும் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். செருமாவிலங்கையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியிலோ, மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடமோ விசாரித்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். நெல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீர் 2 மில்லிமோசுக்குள் இருந்தால் நல்லது. தையில் 1 என்றும் வைகாசியில் 3 என்றும் வந்தால், அந்தக் கிணற்றின் அடியில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போங்கள். அவருடைய கிணற்றுச் சீட்டிலும் அதே எண்தான் இருக்கும்.